பழைய டிராக்டருக்கு எந்த எண்ணெய்? கியரும் லிப்டும் காட்டும் அறிகுறி வழியாகக் கண்டுபிடிப்பது

பெஸ்தாரி ஜெயா என்று பலகை மாறிப் பல வருடமாகியும் நம்மவர் வாயில் இது பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917-இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்ட தெனாமாரான் தோட்டம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. இங்கே பழம் இழுக்கிற, மருந்துத் தொட்டி இழுக்கிற வண்டிகளில் மாஸி பெர்குசன் 35, 135, 165, போர்ட் 3000, 5000 என்று ஐம்பது வயதை எட்டியவை இன்னும் உண்டு. பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பதும் ஒரே கேள்விதான்: "அண்ணே, இதுக்கு என்ன எண்ணெய் ஊத்துறது?"

ஒரு டின்னின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் வண்டி எந்த வகை, எந்த அறைக்கு ஊற்றப் போகிறார், இப்போது என்ன தொல்லை கொடுக்கிறது என்று கேட்காமல் சொல்கிற பெயரால் பயன் இல்லை. பாதி நேரம் தொல்லைக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமே இருக்காது. மீதிப் பாதியில், முன்பு யாரோ ஊற்றிய தப்பான எண்ணெய்தான் தொல்லையாக இருக்கும். அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குவோம். அதற்கு முன் இரண்டு விஷயம் தெளிவாக வேண்டும்.

எத்தனை அறை, உள்ளே யார் யார்

மாஸி 35, 135 மாதிரி வண்டிகளில் கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். பின்னால் கருவியைத் தூக்கும் லிப்டுக்கு அழுத்தம் தரும் ஹைட்ராலிக் பம்ப் அந்த எண்ணெய்க்குள்ளேயே முழுகிக் கிடக்கிறது. 135-க்கு ஏறக்குறைய 30 லிட்டர் பிடிக்கும். கடையில் 18 லிட்டர் வாளியாக விற்பதால் இரண்டு வாளி வாங்க வேண்டியிருக்கும். மிச்சம் பிறகு அளவு கூட்டிக்கொள்ள உதவும்.

எட்டு கியர் போர்ட் 3000-இல் கியர் பெட்டி தனி அறை. பின் அச்சும் ஹைட்ராலிக்கும் சேர்ந்தது இன்னொரு அறை. ஸ்டீயரிங் பெட்டி எல்லா வண்டியிலும் தனிக் குடித்தனம்தான்.

நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி இதுதான்: ஓர் அறைக்குள் இருக்கிற பாகங்களில் எது அதிகச் செல்லமோ, அதற்கு ஏற்ற எண்ணெய்தான் அந்த அறைக்கு. கியர் பல் எதையும் தாங்கும். வெண்கல புஷ், ஹைட்ராலிக் பம்ப், எண்ணெயில் நனைந்து வேலை செய்யும் கிளட்ச், பிரேக் இவை தாங்காது. கியருக்கு நல்லது என்று நினைத்து ஊற்றுகிற கெட்டி எண்ணெயால் கஷ்டப்படுவது அதே அறையில் குடியிருக்கும் பம்ப்தான்.

டின்னில் உள்ள எண்கள்

டின்னில் மூன்று வெவ்வேறு கணக்குகள் இருக்கின்றன. இன்ஜின் ஆயிலின் எஸ்.ஏ.இ. எண் ஒன்று, கியர் ஆயிலின் எஸ்.ஏ.இ. எண் வேறொன்று, ஹைட்ராலிக் ஆயிலின் ஐ.எஸ்.ஓ. எண் மூன்றாவது. கியர் ஆயில் 90 என்றதும் இன்ஜின் ஆயில் 40-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கியர் 90 கெட்டியில் இன்ஜின் 40, 50 பக்கம்தான் வரும். கியர் 80டபிள்யூ ஏறத்தாழ இன்ஜின் 20, 30 பக்கம். ஐ.எஸ்.ஓ. 68 என்பது 40 டிகிரி செல்சியஸில் அளந்த எண். இன்ஜின் கணக்கில் அது 20-க்குப் பக்கத்தில் நிற்கும். ஆக 90, 68, 30 மூன்றையும் வரிசையாக வைத்து எது கெட்டி என்று பார்ப்பதில் அர்த்தமில்லை.

'டபிள்யூ' எழுத்துக்கு முன்னால் வரும் எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைச் சொல்வது. இங்கே விடியற்காலையிலேயே 23, 24 டிகிரி இருக்கும். அதைப் பற்றி நாம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பின்னால் வரும் எண்தான் நமக்கு முக்கியம்.

அடுத்தது ஜி.எல். எண். ஜி.எல்.-1 என்பது அழுத்தம் தாங்கும் ரசாயனம் சேர்க்காத வெறும் கனிம எண்ணெய். ஜி.எல்.-4-இல் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த அந்த ரசாயனம் மிதமாக இருக்கும். ஜி.எல்.-5-இல் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. லோரியின் பின் அச்சில் பல்லும் பல்லும் வழுக்கி உரசுகிற இடத்துக்கு ஜி.எல்.-5 தேவை. ஆனால் அந்தக் கந்தகம் சூடு ஏற ஏற வெண்கலத்தையும் பித்தளையையும் கடிக்கும். இப்போது வரும் ஜி.எல்.-5 எல்லாமே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். தயாரிப்பாளரின் தகவல் தாளில் செம்புத் தகடு அரிப்புச் சோதனையின் முடிவு 1ஏ, 1பி என்று இருந்தால் பரவாயில்லை, 3, 4 என்றால் தொடாதீர்கள். அப்படியே 1ஏ வாங்கியிருந்தாலும் ஹைட்ராலிக் சேர்ந்த அறைக்குள் அதை ஊற்ற எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கடைசியாக, டிராக்டருக்கென்றே வரும் யு.டி.டி.ஓ. வகை. கியர், ஹைட்ராலிக், நனைந்த பிரேக், நனைந்த கிளட்ச் நான்கையும் ஒரே எண்ணெய் பார்த்துக்கொள்ளும். பெரும்பாலும் 10டபிள்யூ-30 கெட்டியில், ஜி.எல்.-4 தரத்தில் வரும். டின்னின் பின்பக்கம் மாஸிக்கு எம்-1143 அல்லது எம்-1145, போர்டுக்கு எம்2சி134-டி, ஜான் டீருக்கு ஜே20சி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஷெல் ஸ்பைராக்ஸ் எஸ்4 டி.எக்ஸ்.எம். இந்த வகைதான். வேறு கம்பெனிகளிலும் உண்டு. எஸ்.டி.ஓ.யூ. என்பது இதோடு இன்ஜினுக்கும் ஆகும் என்று சொல்லி விற்பது.

வெறும் '303' என்று மட்டும் போட்ட மலிவு வாளி கண்ணில் பட்டால் விலகிப் போங்கள். 303 ஜான் டீரின் பழைய தரம். அதில் திமிங்கல எண்ணெய் சேர்த்திருந்தார்கள். 1970-களிலேயே அந்தத் தரம் ஒழிந்துவிட்டது. இன்று அந்த நம்பரை மட்டும் போட்டு விற்கும் வாளிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை.

சரி, அறிகுறிக்கு வருவோம்.

லிப்ட் ஏறவே இல்லை

எண்ணெயைத் தொடுவதற்கு முன் பி.டி.ஓ. கம்பியைப் பாருங்கள் (பி.டி.ஓ. என்பது இன்ஜின் சுற்றை மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் தண்டு). 35, 135-இன் சாதாரண வகைகளில் ஹைட்ராலிக் பம்பைச் சுற்றுவதே பி.டி.ஓ. தண்டுதான். கம்பி நியூட்ரலில் இருந்தால் பம்ப் சுற்றாது, லிப்ட் அசையாது. புது டிரைவர் வந்த வாரத்தில் இந்தத் தொல்லை கண்டிப்பாக வரும். இரட்டைக் கிளட்ச் வண்டியில் பெடலை முழுக்க மிதித்தால் லிப்ட் பாதியில் நின்றுவிடும். அது பழுது இல்லை, அமைப்பே அப்படி.

கம்பி சரியாக இருந்தால் எண்ணெய் அளவு. வண்டி சமமான தரையில், லிப்ட் கைகள் கீழே, டிரைலர் பெட்டியைத் தூக்கும் டிப்பிங் சிலிண்டர் உள்ளே இழுத்த நிலையில் அளக்க வேண்டும். அளவும் சரி என்றால் பம்ப் உறிஞ்சும் வாய். சல்லடை உள்ள வண்டியில் அது அடைத்திருக்கும். பழைய கேஸ்கட் துண்டும், துணி நூலும், சேறும் சேர்ந்து கட்டியிருப்பதைப் பார்க்கலாம். எண்ணெயை இறக்காமல் இதைச் சுத்தம் செய்ய முடியாது. இறக்கிய எண்ணெய் எப்படி இருக்கிறது என்பதைத்தான் கீழே வரும் பகுதிகளில் பார்க்கப் போகிறோம்.

காலையில் மெதுவாக ஏறுகிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது

எண்ணெய் கெட்டி. இதைப் பெரும்பாலும் யாரோ வேண்டுமென்றே செய்திருப்பார்கள். கியர் சத்தம் போடுகிறது என்று 140 கியர் ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும். பேரிங் தேய்ந்தது தேய்ந்தபடிதான் இருக்கும், காதுக்கு மட்டும் நிம்மதி. ஆனால் பெர்குசன் அமைப்பில் கட்டுப்பாட்டு வால்வ் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. ஏற்கெனவே சின்ன வழி. அதற்குள் 140 நுழைய மறுக்கும்போது பம்ப் வெறும் வயிற்றோடு அடித்துக்கொள்ளும். கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். அப்படியே ஓட்டினால் பம்ப் போய்விடும்.

மல்டி பவர் (ஓடும்போதே மேல் வேகம், கீழ் வேகம் மாற்றும் அமைப்பு) இல்லாத 35, 135-க்கு யு.டி.டி.ஓ. 10டபிள்யூ-30 போதும். பம்பும் சிலிண்டரும் நன்றாகத் தேய்ந்த வண்டியாக இருந்து நாள் முழுக்க வெயிலில் வேலை செய்தால், மாஸியின் தரம் போட்ட 20டபிள்யூ-40 டிராக்டர் எண்ணெய்க்குப் போகலாம். நம் சூட்டுக்கு அது பொருந்தும். அதற்கு மேல் கெட்டிக்குப் போக நான் சொல்ல மாட்டேன்.

காலையில் நன்றாக ஏறுகிறது, மதியம் தளர்ந்துவிடுகிறது

முந்தையதற்கு நேர் எதிர். இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, தோட்டத்து ஸ்டோரில் தோண்டும் இயந்திரத்துக்காக வைத்திருக்கும் ஹைட்ராலிக் 68 அல்லது 46 டிரம்மிலிருந்து யாரோ அள்ளி ஊற்றியிருக்கிறார்கள். பெயரிலேயே ஹைட்ராலிக் என்று இருக்கிறதே என்ற நியாயம். அது ஹைட்ராலிக்குக்கு மட்டும் ஆன எண்ணெய். கியர் பல்லின் அழுத்தத்துக்கு அதில் ஒன்றும் இல்லை. லிப்ட் சில மாதம் ஜோராக வேலை செய்யும், பின் அச்சு அதற்கு விலை கொடுக்கும். இரண்டாவது காரணம் தேய்மானம்: எண்ணெய் சரியானதுதான், சூடாகி இளகியதும் தேய்ந்த இடைவெளிகள் வழியாக நழுவுகிறது. முதலில் எண்ணெயை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் மதியத் தளர்ச்சி இருந்தால் பம்பையும் சிலிண்டரையும் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

லிப்ட் தலையாட்டுகிறது

பாரத்தோடு தூக்கி நிறுத்தியிருக்கும்போது கொஞ்சம் இறங்கி, சட்டென்று ஏறி, மறுபடி இறங்கி... இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாரம் மெல்ல மெல்லக் கீழே வந்தால், சிலிண்டருக்குள் பிஸ்டனின் ஓரிங்கோ வளையமோ, வால்வோ கசிகிறது. இன்ஜின் ஓடும்போது இறங்கியதை வால்வ் ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறது, அதுதான் தலையாட்டம். கெட்டி எண்ணெய் இதைக் கொஞ்ச நாள் மறைக்கும். ஓரிங்கின் விலை ஒரு வாளி எண்ணெயில் கால் பங்குகூட வராது. வேலைதான் அதிகம், மேல் மூடியைத் தூக்க வேண்டும். அதே சமயம் ராத்திரி முழுக்கப் பாரம் அசையாமல் நிற்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். இந்த வயதில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

தூக்கிய கருவிக்கு அடியிலோ, தூக்கிய டிரைலர் பெட்டிக்கு அடியிலோ முட்டுக் கொடுக்காமல் போகாதீர்கள். எந்த எண்ணெய் ஊற்றியிருந்தாலும் சரி.

எண்ணெய் பால் மாதிரி இருக்கிறது

இந்த ஊரில் அதிகம் பார்க்கும் வியாதி இதுதான். தண்ணீர் கலந்த எண்ணெய் தேத்தாரே, அதாவது ஆற்றிய பால் தேநீர், நிறத்துக்கு வந்துவிடும். கொஞ்சம்தான் கலந்திருக்கிறது, கண்ணால் சொல்ல முடியவில்லை என்றால், சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பொரிகிற சத்தம் கேட்டால் தண்ணீர் இருக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே சத்தம் வரும். தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து ஒரு ராத்திரி வைப்பது இன்னொரு வழி. சாதாரண கியர் ஆயிலில் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும். யு.டி.டி.ஓ.-வில் அப்படிப் பிரியாது. கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்படிதான் அதைச் செய்கிறார்கள், அடியில் தேங்கிப் பம்புக்குள் வெறும் தண்ணீர் போய்விடக் கூடாது என்பதற்காக. ஆகையால் போத்தலில் தண்ணீர் தனியாகத் தெரியவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். யு.டி.டி.ஓ. ஊற்றிய வண்டியில் நிறத்தையும் தகட்டையும் நம்புங்கள், போத்தலை நம்பாதீர்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? முதல் சந்தேகம் கியர் கம்பியின் ரப்பர் உறை. வெயிலில் வெடித்துப் போயிருக்கும். மழையில் வண்டி நிற்கும்போது கம்பி வழியாக வழிந்து நேராகக் கியர் பெட்டிக்குள் இறங்கும். இங்கே மழை பெய்கிற வேகத்துக்கு ஓர் இரவு போதும். அடுத்தது, உரம் போட்ட நாளில் வண்டியைத் தண்ணீர்ப் பம்ப்பால் கழுவுவது. உரம் இரும்பை அரிக்கும், கழுவத்தான் வேண்டும். ஆனால் பீச்சு குழாயை எண்ணெய் ஊற்றும் மூடிக்கும், காற்றுத் துளைக்கும், அளவுகோலுக்கும் நேரே பிடித்துக் கழுவுகிறார்கள். மூன்றாவது, கால்வாய் நிரம்பிய தோட்டத்தில் பின் அச்சு முழுகும் அளவுக்கு ஓட்டுவது. நாலாவதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

இவை எதுவும் இல்லாமலே ஈரம் சேர்வதும் உண்டு. பாதை ஓரத்திலிருந்து சேகரிப்பு மேடை வரைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் 30 லிட்டர் எண்ணெய் சூடேறவே நேரம் கிடைப்பதில்லை. ராத்திரி ஈரக்காற்று உள்ளே வியர்க்கும், பகலில் அது ஆவியாகி வெளியே போகாது. இப்படிப்பட்ட வண்டிக்குப் புத்தகத்தில் சொன்ன மணிக் கணக்குக்கு முன்பே எண்ணெய் மாற்றுவது நல்லது.

பாலான எண்ணெயை ஒரு தடவை மாற்றினால் போதாது. மாஸியில் வடிக்கும் நட் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. ஒன்றை மட்டும் திறந்தால் பழைய எண்ணெயில் நல்ல பங்கு உள்ளேயே தங்கிவிடும். வேலை முடிந்து சூடாக இருக்கும்போதே எல்லா நட்டையும் திறந்து வடித்து, புது எண்ணெய் ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டி, மறுபடி வடித்து நிரப்புங்கள். காசு வலிக்கும். தண்ணீரில் ஊறிய பேரிங் துருப்பிடித்து உடைந்தால் இதைவிட வலிக்கும். டீசலை ஊற்றிக் கழுவுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. மூலைகளில் தங்கிவிடும் டீசல் புது எண்ணெயை இளக்கிவிடுவதால் எனக்கு அதில் விருப்பமில்லை. உறையை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுகிறவர்களிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அளவு தானாக ஏறுகிறது, அல்லது குறைகிறது

டிப்பிங் டிரைலர்தான் காரணம், பத்துக்கு எட்டு தடவை. குலை ஏற்றும் டிரைலரின் சிலிண்டர் டிராக்டரின் எண்ணெயைத்தான் வாங்கித் திருப்பித் தருகிறது. காலையில் ஒரு வண்டி இழுத்த டிரைலரை மாலையில் இன்னொரு வண்டி இழுக்கும். பழம் காத்திருக்காது, எந்த வண்டி சும்மா நிற்கிறதோ அதில் மாட்டுவார்கள். சிலிண்டரிலும் குழாயிலும் இருக்கிற எண்ணெய் இப்படி வண்டிக்கு வண்டி மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வண்டியில் பால், இன்னொன்றில் 90, மூன்றாவதில் புது யு.டி.டி.ஓ. என்று இருந்தால், ஒரு மாதத்தில் மூன்றிலும் ஒரே கஷாயம்தான்.

அதனால் ஒரு குத்தகையாளரிடம் நான்கு டிராக்டர் இருந்தால், டிரைலர் மாறி மாறி ஓடும் எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணெய் போடுங்கள். அதற்காகத்தான் நான் யு.டி.டி.ஓ. பக்கம் சாய்கிறேன், மாஸி, போர்ட் இரண்டுக்கும் ஒரே வாளி ஆகும். ஒன்றில் நனைந்த பிரேக் இருந்தாலும் கவலை இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக இன்னும் பொருத்தமான எண்ணெய் கிடைக்கலாம். நடைமுறையில் அது டிரைலர் வழியாக ஒரே மாதத்தில் கெட்டுப்போகும்.

குழாய் இணைப்பின் முனைக்கு மூடி போடுங்கள். கழற்றிய குழாய் சேற்றில் கிடக்கும், மழைத் தண்ணீர் முனையில் தேங்கும், மறுநாள் அப்படியே மாட்டுவார்கள். பால் எண்ணெய்க்கு நாலாவது வழி என்று சொன்னது இதைத்தான்.

டிரைலர் சம்பந்தமே இல்லாமல் போர்ட் 3000-இல் கியர் பெட்டியின் அளவு ஏறி, பின் அச்சின் அளவு குறைந்தால், இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள சீல் போய்விட்டது. சீல் மாற்றும் வரை இரண்டு அறைக்கும் யு.டி.டி.ஓ.-வே ஊற்றி ஓட்டுங்கள். எப்படியும் கலக்கப் போகிறது. சீல் சரியாக இருக்கும் வண்டியில் கியர் பெட்டிக்கு 80டபிள்யூ அல்லது 80டபிள்யூ-90, ஜி.எல்.-4 போடலாம்.

நுரை

அளவு குறைந்தாலும் நுரைக்கும், கூடினாலும் நுரைக்கும். தண்ணீர் கலந்தாலும், ஒன்றோடொன்று ஒத்துவராத எண்ணெய்களைக் கலந்தாலும் நுரைக்கும். அளவைச் சரி செய்தும் நுரை நிற்கவில்லை என்றால் மொத்தமாக மாற்றுவதுதான் வழி.

கியர் விழ மறுக்கிறது, அல்லது வெளியே துள்ளுகிறது

இதில் எண்ணெயின் பங்கு குறைவு. கிளட்சை மிதித்து, பத்துக்கு எண்ணி, ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் பல் கடித்தால் கிளட்ச் முழுக்க விடவில்லை. பெடல் இடைவெளியைச் சரி செய்யுங்கள். காத்திருந்து போடும்போது சுலபமாக விழுந்தால் வண்டியில் குறை இல்லை, டிரைவருக்கு அவசரம். காலையில் மட்டும் கியர் கம்பி இறுக்கமாக இருந்தால் உள்ளே 140 இருக்கலாம்.

ஓடும்போது கியர் வெளியே துள்ளுவது ஸ்பிரிங், தேய்ந்த பல், கியரைத் தள்ளும் போர்க் தேய்ந்தது இவற்றின் வேலை. அதற்கு ஒரு எண்ணெயும் கிடையாது.

மல்டி பவர் வழுக்குகிறது

மல்டி பவர் உள்ள 135, 165-இல் மேல் வேகத்தைப் பிடிப்பது எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் கிளட்ச். இங்கே 90 கியர் ஆயில் ஊற்றினால் நிச்சயம் தொல்லைதான். மாஸியின் தரம் போட்ட டிராக்டர் எண்ணெய் மட்டும் ஊற்றுங்கள். அளவு குறைந்திருந்தாலும் வழுக்கும், அதை முதலில் பாருங்கள். எண்ணெய் மாற்றியும் வழுக்கினால் கிளட்ச் தகடுகள் தேய்ந்திருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. மல்டி பவரின் கீழ் வேகத்தில் இறக்கத்தில் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, வண்டி சும்மா உருளும். குலை ஏற்றிய டிரைலரோடு மேட்டிலிருந்து இறங்கும்போது கீழ் வேகம் பாதுகாப்பு என்று நினைத்துக் கம்பியை மாற்றாதீர்கள். மேல் வேகத்தில், சின்ன கியரில் இறங்குங்கள். மல்டி பவர் வழுக்கும் வண்டியை மேட்டுப் பக்கமே அனுப்பக் கூடாது.

கீழே சொட்டுகிறது

கிளட்ச் கூண்டின் அடியில் ஒரு துளையும் அதில் பிளந்த பின் ஒன்றும் இருக்கும். சொட்டு அங்கிருந்து வந்தால், விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் கியர் பெட்டியின் முன் சீல். கருப்பாக, இன்ஜின் ஆயில் வாடை என்றால் இன்ஜினின் பின் சீல். சொட்டு அசிங்கமாக இருக்கிறது என்று அந்தத் துளையை அடைத்துவிடாதீர்கள். வெளியே போக வழியில்லாத எண்ணெய் கிளட்ச் தகட்டில் ஏறும்.

சக்கரத்தின் உட்பக்கம் நனைந்து, ஒரு பக்கப் பிரேக் பிடிக்காமல் போனால் அச்சு சீல் போயிருக்கிறது. 135-இல் பிரேக் உலர்ந்த வகை, எண்ணெய் பட்டால் அந்தப் பிரேக் ஷூ வீண்தான். அளவுக்கு மேல் ஊற்றும் பழக்கம் இதைச் சீக்கிரம் வரவைக்கும். 'கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே' என்று ஊற்றுவதில் ஒரு நல்லதும் இல்லை.

ஸ்டீயரிங் பெட்டி சொட்டினால் கியர் ஆயிலுக்குப் பதிலாகக் கூழ் மாதிரி இருக்கும் 00 கிரீஸ் நிரப்பலாம். கெட்டி கிரீஸை அழுத்தாதீர்கள். ஒரு தடவை பல் ஒதுக்கிவிட்டால் அது திரும்பி அந்த இடத்துக்கு வராது.

பிரேக் அழுத்தினால் ஓலமிடுகிறது

எண்ணெயில் முழுகிய பிரேக் உள்ள வண்டிகளுக்கு மட்டும் இது. பின்னால் வந்த குபோத்தா வண்டிகள் பலவும் இந்த வகை. அந்தப் பிரேக் தகடுகளுக்கு உராய்வைச் சீராக்கும் ரசாயனம் எண்ணெயிலேயே இருக்க வேண்டும். 90 கியர் ஆயிலிலும் ஹைட்ராலிக் 68-இலும் அது கிடையாது, அதனால்தான் ஓலம். யு.டி.டி.ஓ.-வுக்கு மாற்றினால் பெரும்பாலும் கொஞ்ச நாளில் அடங்கும். குபோத்தாவுக்கு அவர்களுடைய சூப்பர் யு.டி.டி. எண்ணெயையே போடுகிறவர்களை நான் தடுப்பதில்லை.

வடித்த நட்டில் என்ன ஒட்டியிருக்கிறது

எண்ணெயை வடிக்கும்போது தகரத்தில் பிடித்து, அடியில் ஒரு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை சாதாரணத் தேய்மானம். ஊசி மாதிரி, செதில் மாதிரி இரும்புத் துண்டு என்றால் பேரிங்கோ பல்லோ உடைகிறது. எந்த எண்ணெயாலும் தீராது, பெட்டியைத் திறக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் வெண்கலம் கரைகிறது. அப்போது முன்பு யார் என்ன ஊற்றினார்கள் என்று விசாரியுங்கள். ஜி.எல்.-5 என்றோ, லோரிக்கு வாங்கியதில் மிச்சம் என்றோ பதில் வந்தால், வடித்து யு.டி.டி.ஓ. நிரப்பி, ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு கிண்ணம் வடித்துப் பாருங்கள். மினுமினுப்பு குறைந்திருந்தால் எண்ணெய்தான் காரணம். குறையவில்லை என்றால் புஷ் தேய்ந்துகொண்டிருக்கிறது.

புது எண்ணெய் நிரப்பியதும் லிப்டைப் பல தடவை மேலும் கீழும் இயக்குங்கள், டிரைலர் மாட்டியிருந்தால் பெட்டியையும் தூக்கி இறக்குங்கள். காற்று வெளியேறி, குழாயெல்லாம் நிரம்பிய பிறகு அளவைத் திரும்பப் பார்த்தால் குறைந்திருக்கும், அப்போது கூட்டிக்கொள்ளுங்கள். ஊற்றிய எண்ணெயின் பெயரையும் தேதியையும் மட்கார்டின் உட்பக்கம் பெயின்டில் எழுதி வையுங்கள். அடுத்து வரும் டிரைவரோ மெக்கானிக்கோ ஊகித்து ஊற்ற வேண்டியிருக்காது.

வடித்த பழைய எண்ணெய் கால்வாய்க்குப் போகக் கூடாது. இந்தப் பக்கத்துக் கால்வாய்கள் சுங்கை சிலாங்கூரில்தான் போய்ச் சேர்கின்றன. 2005-ஆம் ஆண்டின் விதிமுறைப்படி பழைய உராய்வு எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305, பழைய ஹைட்ராலிக் எண்ணெய் எஸ்.டபிள்யூ. 306 என்று பட்டியலிடப்பட்ட கழிவுகள். மூடியுள்ள டிரம்மில் சேர்த்து, மழை படாத இடத்தில் வைத்து, உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள்.